புத்தர் சாரின் தான ஆராய்ச்சி

பௌத்த ஆய்வில் மேல்படிப்புப் படிக்கிறவர் என்று ஓர் இனம் இருக்கிறது. அபூர்வமான இனம், நம் கண்ணில் எங்கே படப்போகிறது என்று அலட்சியமாக இருந்துவிடாதீர்கள். தேடினால் கிடைக்காது, தேடாத இடத்தில் வந்து நிற்கும். பல் வைத்தியரின் காத்திருப்பு அறையில் உங்கள் பக்கத்து நாற்காலியில், தோளில் ஒரு துணிப்பை, பைக்குள் நூலகத்துக்குத் திருப்பித் தரவேண்டிய நாள் எப்போதோ கடந்துபோன ஒரு கனத்த அகராதி, அகராதிக்குள் பக்க அடையாளமாகப் பழைய பேருந்துச் சீட்டு, நெற்றியில் நிரந்தரமாக ஒரு சுருக்கம், இத்தனையும் வைத்துக்கொண்டு ஒருவர் உட்கார்ந்திருந்தால், தயவுசெய்து 'என்ன படிக்கிறீங்க' என்று மட்டும் கேட்காதீர்கள். அவர் சொல்லிவிடுவார். பல்வலியோடு போன நீங்கள் தலைவலியோடு திரும்பி வருவீர்கள்.

நாம் பார்க்கப்போகிறவருக்குக் குடியிருப்பில் 'புத்தர் சார்' என்று பெயர். அமைதியானவர் என்று நம்பி வைத்த பெயர். ஒரு நாள் காலையில் பால் தாமதமாக வந்ததற்கு அவர் மாடிப்படியில் நின்று போட்ட சத்தத்தைக் கேட்ட பிறகும் அதே பெயர்தான். கூப்பிடுகிற தொனி மட்டும் மாறிவிட்டது. இவரைப்பற்றி எனக்கு இவ்வளவு விவரம் எப்படித் தெரியும் என்று கேட்காதீர்கள். ஒருவர் சட்டையை ஒருவர் போட்டுக்கொள்கிற அளவுக்குப் பழக்கம் என்று வைத்துக்கொள்ளுங்களேன்.

இந்த இனத்தின் முதல் அடையாளம், அது யாரையும் நிம்மதியாகப் புத்தரை மேற்கோள் காட்ட விடாது. காலையில் எழுந்ததும் கைபேசியில் தாமரைப் படம் போட்டு, 'கோபம் என்பது கையில் பிடித்த நெருப்பு - புத்தர்' என்று யாராவது அனுப்பியிருப்பார்கள். நீங்களும் நானும் என்ன செய்வோம்? கைகூப்புகிற பொம்மை ஒன்றைப் பதிலாக அனுப்பிவிட்டுப் பல் தேய்க்கப் போவோம். புத்தர் சார் போகமாட்டார். புத்தர் அப்படிச் சொல்லவேயில்லை, அது பல நூற்றாண்டு கழித்து வந்த ஓர் உரையாசிரியர் வேறொரு சந்தர்ப்பத்தில் சொன்னதன் சிதைந்த வடிவம், அங்கே நெருப்பு மட்டுமில்லை, கூடவே வேறு ஏதோவும் இருக்கிறது என்று நான்கு பத்திகளில் மறுப்பு எழுதுவார். இப்படி ஒரு மறுப்பை அவர் வீட்டு உரிமையாளருக்கே அனுப்பினார். அடுத்த மாதம் வாடகை உயர்ந்தது. கோபத்தைப் பற்றிய மேற்கோளுக்கு மறுப்பு எழுதிக் கோபத்தைச் சம்பாதித்தவர் என்று மைத்துனன் இன்றைக்கும் சொல்லிக் காட்டுகிறான். இந்தப் படிப்பின் செலவுக் கணக்கில் கல்லூரிக் கட்டணத்தை மட்டும் எழுதுகிறவர்கள் விவரம் தெரியாதவர்கள்.

உறவுக்காரர்கள் இவரிடம் கேட்கிற கேள்விகள் இரண்டே இரண்டுதான். 'தியானம் பண்ணுவீங்களா?' என்பது முதல் கேள்வி. பண்ணமாட்டார். 'நான் ஆய்வாளர்' என்று விறைப்பாகச் சொல்வார், ஏதோ கோழிப்பண்ணை ஆய்வாளரைப் பார்த்து முட்டை போடுவீர்களா என்று கேட்டுவிட்ட மாதிரி. இரண்டாவது கேள்வியை மாமியார் மட்டும் கேட்பார், அதுவும் மகளிடம், அதுவும் சமையலறைக் கதவைச் சாத்திக்கொண்டு. மாப்பிள்ளை படித்து முடித்ததும் மொட்டை போட்டுக்கொண்டு போய்விடுவாரா என்பது அந்த அம்மாளின் பல வருடக் கவலை. முடித்தால்தானே போவார் என்று மகள் ஆறுதல் சொல்லி அனுப்புவாள்.

முடிப்பதில்தான் சிக்கல். ஏன் முடியவில்லை என்று கேட்டால் மிகவும் நியாயமான பதில் வரும். பழைய நூல்கள் பாலி மொழியில் இருக்கின்றன, எனவே பாலி படிக்க வேண்டும். சரி. பாலியில் இருப்பதைச் சரிபார்க்க வடமொழி வேண்டும். அதுவும் சரி. வடமொழி நூல்களில் பாதி அழிந்துபோய்த் திபெத்திய மொழிபெயர்ப்பில் மட்டும் இருக்கின்றன, ஆகவே திபெத்தியம். அதைவிடப் பழைய மொழிபெயர்ப்பு சீன மொழியில் இருக்கிறது, ஆகவே சீனம். சீனத்தில் இருப்பதை அலசி ஆராய்ந்தவர்கள் எல்லோரும் ஜப்பானிய மொழியில் எழுதிவைத்துவிட்டார்கள். இவை அத்தனைக்கும் நல்ல அகராதியை யாரோ ஒருவர் ஜெர்மன் மொழியில் போட்டிருக்கிறார். ஒவ்வொரு படியும் நியாயமானது. ஏறி முடித்துப் பார்த்தால் மனிதர் மொட்டைமாடியில் நிற்கிறார், வீடு கீழே இருக்கிறது. ஒரு மொழிக்கு ஒரு வருடம், ஒரு கட்டணம், ஓர் அகராதி, கண்ணாடியில் ஒரு புள்ளி பவர். இத்தனை மொழி கற்றவர் வீட்டில் 'கேஸ் தீர்ந்துபோச்சு' என்று தாய்மொழியில் சொன்னால் மட்டும் காதில் விழாது.

நடுநடுவே கருத்தரங்கு என்று ஒன்று வரும். விமானத்தில் போய், கழுத்தில் பெயரட்டையை மாட்டிக்கொண்டு, கால் மணி நேரம் கட்டுரை வாசித்துவிட்டுத் திரும்புவது. கேட்பவர்கள் ஏழெட்டுப் பேர் இருப்பார்கள். அவர்களில் பாதிப் பேர் அடுத்து வாசிக்க வேண்டியவர்கள், மீதிப் பேர் முன்னால் வாசித்துவிட்டு எழுந்து போகக் கூச்சப்படுகிறவர்கள். ஊர் திரும்பியதும் அந்தப் பெயரட்டையைத் தூக்கிப் போடமாட்டார். படிப்பு மேசையின் விளக்கில் மாட்டி வைப்பார். நாளடைவில் விளக்கு வெளிச்சம் குறைந்துவிட்டது என்று புது விளக்கு வாங்குவார்.

யார் பணத்தில் என்று கேட்கிறீர்களா? நல்ல கேள்வி. ஆனால் அதற்கு முன்னால் அவருடைய ஆய்வுத் தலைப்பைச் சொல்லிவிடுகிறேன், அப்போதுதான் ருசிக்கும். தானம் கொடுப்பவரின் மனநிலை. அதுதான் தலைப்பு. ஒரு கொடை நல்ல கொடையாக வேண்டுமானால் கொடுப்பவருக்குக் கொடுக்கும் முன்னால் மகிழ்ச்சி இருக்க வேண்டும், கொடுக்கும்போது மனத்தெளிவு இருக்க வேண்டும், கொடுத்த பின்னால் நிறைவு இருக்க வேண்டும் என்று பழைய நூல்களில் ஒரு கருத்து வருகிறது. அந்த மூன்றையும் நான்கு மொழிகளில் ஒப்பிட்டு, எந்த மொழியில் மகிழ்ச்சி சற்றுத் தூக்கலாக இருக்கிறது, எதில் நிறைவு குறைகிறது என்று இவர் அளந்துகொண்டிருக்கிறார். தானத்துக்கு வந்த மாட்டைப் பல்லைப் பிடித்துப் பார்க்கக் கூடாது என்பார்கள். புத்தர் சார் மாட்டை விட்டுவிட்டார். கொண்டுவந்து கொடுத்தவரின் வாயைத் திறந்து பல்லை எண்ணுகிறார்.

அவருக்கு மாடு கொடுத்தது அவர் மனைவி. மனைவி ஒரு பெரிய ஆஸ்பத்திரியில் பிசியோதெரபிஸ்ட். விழுந்தவர்களை நிற்க வைப்பது, நின்றவர்களை நடக்க வைப்பது, 'முடியாதும்மா' என்பவர்களிடம் 'இன்னும் ஒரே ஒரு தடவை' என்று சொல்லிச் சொல்லிப் பத்துத் தடவை செய்ய வைப்பது அவள் வேலை. அடுத்தவர் முதுகை அழுத்தி அழுத்தி அவளுடைய கட்டைவிரல் மூட்டு வலிக்கும். ராத்திரிச் சாப்பாட்டுக்குப் பிறகு வெந்நீரில் விரலை வைத்துக்கொண்டு உட்கார்ந்திருப்பாள். அந்தக் கட்டைவிரலின் சம்பாத்தியத்தில்தான் பாலியும் திபெத்தியமும் இந்த வீட்டுக்குள் நுழைந்தன.

கல்யாணமான புதிதில் இருவருக்கும் ஓர் ஒப்பந்தம் இருந்தது. இருவருக்குமே மேலே படிக்க ஆசை. ஒரு சம்பளத்தில் ஒருவர்தான் படிக்க முடியும். 'முதல்ல நீங்க முடிங்க, அப்புறம் நான் போறேன்' என்று அவள்தான் சொன்னாள். அவரும் ஒரு பேச்சுக்குக்கூட 'முதலில் நீ' என்று சொல்லவில்லை. மறுத்தால் அவள் மனம் புண்படுமே என்ற நல்லெண்ணம். அன்று முதல் அவள் கட்டணம் கட்டுவாள், அவர் பக்கத்தில் நின்று மகிழ்வார். பிறர் கொடுப்பதைப் பார்த்து மகிழ்ந்தாலே மகிழ்ந்தவனுக்கும் புண்ணியத்தில் பங்கு உண்டு என்று இவர் துறையில் ஒரு கொள்கை இருக்கிறது. செலவில்லாத புண்ணியம். அதில் அவர் முறையாகத் தேர்ச்சி பெற்றார்.

ஒவ்வொரு வருடமும் காலக்கெடு முடியும்போது நீட்டிப்பு கேட்பது ஒரு சடங்காகவே ஆகிவிட்டது. கைடு ஒரு பெரியவர். தன்னுடைய ஆய்வேட்டை முடிக்கத் தான் எடுத்துக்கொண்ட வருடங்களை விருது வாங்கியவர் சொல்வதைப்போலச் சொல்வார். இவர் தயங்கித் தயங்கி, இன்னும் இந்த ஒரு மொழி மட்டும் பாக்கி ஐயா என்பார். அவசரப்படக் கூடாது தம்பி, அரைகுறையாக எழுதினால் நாளைக்கு யாராவது காறித் துப்புவார்கள் என்பார் அவர். அந்த யாராவது இதுவரை பிறக்கவில்லை என்பது இருவருக்கும் தெரியும். வெளியே வரும்போது இவர் முகத்தில் தோல்வியின் சோகம் இருக்காது. பள்ளிக்கூடத்துக்கு மழை விடுமுறை விட்ட பையனின் முகம் இருக்கும். வீட்டுக்கு வந்து, கைடு விடமாட்டேன் என்கிறார் என்று பெருமூச்சு விடுவார். அவள் வெந்நீர் வைப்பாள்.

இப்படியே போயிருக்கும். ஆனால் ஒரு வாரத்தில் இரண்டு செய்திகள் வந்து மோதிக்கொண்டன. அவளுக்கு மேல்படிப்பில் இடம் கிடைத்துவிட்டது. பிறக்கும்போதே கைகால் முடங்கிய குழந்தைகளுக்குப் பயிற்சி கொடுப்பது பற்றிய படிப்பு. அவள் வருடக்கணக்காக ஏங்கியது. ஆஸ்பத்திரியில் படிப்பு விடுப்பும், பாதிச் சம்பளமும் தரச் சம்மதித்தார்கள். இந்த வருடம் போகாவிட்டால் அந்த விடுப்பு அவளுக்கு அடுத்த ஆளுக்குப் போய்விடும், மறுபடி அவள் முறை வராது என்பதையும் தெளிவாகச் சொல்லிவிட்டார்கள். மற்றொரு செய்தி கைடிடமிருந்து: நான்காம் இயலுக்கு இந்த அரைகுறைச் சீனம் போதாது, ஒரு வருடம் சீனாவிலேயே போய்த் தங்கிப் படித்து வரலாம். பாதிச் சம்பளத்தில் அவள் படிக்கலாம், சாப்பிடலாம். முழுச் சம்பளம் இருந்தால் அவர் போகலாம். இரண்டும் நடக்காது. இந்தக் கணக்குக்கு மட்டும் எந்த அகராதியும் தேவைப்படவில்லை.

இடம் கிடைத்த செய்தியைக் கேட்டதும் புத்தர் சார் மனப்பூர்வமாக மகிழ்ந்தார். அதில் பொய்யில்லை, அதுதான் அவருக்குக் கைவந்த கலையாயிற்றே. மகிழ்ந்து முடித்ததும், சீனத்தை நினைத்துக்கொண்டார். அடுத்த வருடம் போகலாமே என்று மெதுவாக இழுத்தார். அடுத்த வருடம் விடுப்பு இல்லை என்று அவள் மறுபடி சொன்னாள். அப்போதாவது நான் வாயை, அதாவது அவர் வாயை வைத்துக்கொண்டு சும்மா இருந்திருக்கலாம். இருக்கவில்லை. தொண்டையைச் செருமிக்கொண்டு, கருத்தரங்குக் குரலில் ஆரம்பித்தார்.

"நான் விட்டுக்குடுக்க மாட்டேன்னு சொல்லல. ஆனா மனசு ஒப்பாம குடுக்கறது நல்ல தானமே இல்ல. முன்னாடி சந்தோஷம் இருக்கணும், குடுக்கறப்ப தெளிவு இருக்கணும், குடுத்தப்புறம் நிறைவு இருக்கணும். எனக்கு இப்ப மூணும் இல்ல. இந்த நெலமையில குடுத்தா உனக்கே அது நல்லதில்ல."

இதைச் சொல்லத்தான் ஐயா, அத்தனை மொழி. கொடுக்க மனமில்லை என்பதைச் சாதாரண மனிதன் ஒரே வார்த்தையில் சொல்லிவிடுவான். அதையே வாங்குகிறவரின் நன்மைக்காக என்று திருப்பிச் சொல்ல முனைவர் படிப்பு வேண்டும்.

அவள் வெந்நீரிலிருந்து விரலை எடுத்துத் துடைத்துக்கொண்டாள். "இத்தன வருஷமா குடுக்கறவங்க மனசப் பத்திதானே படிக்கறீங்க. எனக்கு எப்படி இருந்துச்சுன்னு ஒரு தடவ கேட்டிருக்கீங்களா?"

கேட்டதில்லை. அது மட்டுமல்ல, அந்தக் கணத்தில் அவர் செய்த காரியத்தைப் பாருங்கள். இப்படியும் ஒரு சான்று இருக்கிறதே என்று தோன்றி, கை தன்னால் சட்டைப் பையிலிருந்து பேனாவை எடுத்துவிட்டது. இந்த இனத்தைத் தவிர வேறு எவனும் அந்த இடத்தில் பேனாவை எடுக்கமாட்டான். அவள் பேனாவைப் பார்த்தாள். பார்த்துவிட்டு, எழுதிக்கொள்ள வசதியாக நிறுத்தி நிறுத்தியே சொன்னாள்.

"மொத வருஷம் சந்தோஷமாத்தான் இருந்துச்சு. வீட்டுக்காரர் படிக்கறார்னு ஆஸ்பத்திரி பூரா சொன்னேன். அப்பல்லாம் நீங்க கேட்டு வாங்கினீங்க. போகப் போகக் கேக்கறத விட்டுட்டீங்க, எடுத்துக்க ஆரம்பிச்சீங்க. எடுத்துக்கறவங்களுக்கு எப்படிங்க சந்தோஷமா குடுக்கறது?"

பேனா மூடப்பட்டது. அவருக்கு வலித்தது. உள்ளபடியே வலித்தது, அவ்வளவு வருடமாகத் தேடியது வெந்நீர்க் கிண்ணத்துக்கு அந்தப் பக்கம் உட்கார்ந்திருந்திருக்கிறது, அதைக் கடல் தாண்டிப் போய்த் தேடக் கிளம்பினோமே என்று வெட்கம் பிடுங்கித் தின்றது. ஆனாலும் சீனம் போகிறதே என்ற துக்கமும் கூடவே இருந்தது. வெட்கமும் துக்கமுமாக முகம் தொங்கிப்போய், எனக்குச் சந்தோஷமாகக் கொடுக்க வரவில்லையே, என்ன செய்வது என்று பரிதாபமாகக் கேட்டார்.

"சந்தோஷமா குடுக்க வேணாம்," என்றாள் அவள். "மூஞ்சியத் தூக்கி வெச்சுக்கிட்டே குடுங்க. நான் வாங்கிக்கறேன்."

கொடுத்தார். மூஞ்சியைத் தூக்கி வைத்துக்கொண்டேதான் கொடுத்தார். கைடிடம் போய் ஆய்வை நிறுத்தி வைப்பதாகச் சொன்னபோது, அந்தப் பெரியவர் இடிந்துபோய், குடும்பம் என்றால் இப்படித்தான் என்று துக்கம் விசாரிக்கிற குரலில் சொன்னார். கற்ற மொழிகள் வீண்போகவில்லை. ஒரு மொழிபெயர்ப்பு நிறுவனத்தில் வேலை கிடைத்தது. துணி துவைக்கும் இயந்திரத்தோடு வருமே, யாரும் பிரித்துப் படிக்காத குறிப்புப் புத்தகம், அதை ஜெர்மனிலிருந்து மாற்றுகிற வேலை. ஆயிரம் வருடத்துக்கு முந்தைய நூலை எழுதியவர் என்ன நினைத்தார் என்று தேடியவர், கழிவுநீர்க் குழாயை எந்தப் பக்கம் மாட்டச் சொல்கிறார்கள் என்று தேட ஆரம்பித்தார். இரண்டாவதுதான் கடினம் என்று பிற்பாடு ஒப்புக்கொண்டார்.

பழக்கதோஷம் விடுமா? மனத்துக்குள் அந்த மூன்றும் வருகின்றனவா என்று தினமும் எட்டிப் பார்த்துக்கொண்டிருந்தார். முன்னால் வரவில்லை. கொடுக்கும்போதும் வரவில்லை. மூன்றாவது மட்டும் வந்தது, அதுவும் எப்படி வந்தது என்கிறீர்கள்? குடியிருப்புச் சங்கத்தின் செயலாளர் ஒரு நாள் லிஃப்டில் வைத்து, மனைவிக்காகப் படிப்பையே விட்ட மனுஷன் உங்களை மாதிரி யார் இருக்கிறார்கள் என்று சொல்லிவிட்டார். அவ்வளவுதான். லிஃப்ட் ஐந்தாம் மாடியில் நிற்பதற்குள் நிறைவு பொங்கி வழிந்தது. அதற்குப் பிறகு மருந்துக் கடையில், முடிவெட்டுகிற இடத்தில், தொலைபேசியில் தவறான எண்ணுக்கு அழைத்தவரிடம்கூட, 'என் மனைவியைப் படிக்க வைக்கிறேன்' என்று சொல்லத் தொடங்கினார்.

கவனியுங்கள். அவளுக்குக் கிடைத்த இடம். அவளுடைய விடுப்பு. அவளுடைய பாதிச் சம்பளம். வாடகையில் பாதியை மட்டும் துவைக்கும் இயந்திரம் கட்டியது. கடைத் தேங்காயை எடுத்து வழிப் பிள்ளையாருக்கு உடைத்தவனாவது பிள்ளையாரை நான்தான் உட்கார வைத்தேன் என்று சொல்லவில்லை.

ஒரு ஞாயிற்றுக்கிழமை அவளோடு படிக்கிற நாலைந்து பேர் வீட்டுக்கு வந்தார்கள். கூடத்துத் தரை முழுக்க எலும்புப் படங்களைப் பரப்பிக்கொண்டு, ஒரு துணிப் பொம்மையை நடுவில் கிடத்தி, அதன் முழங்காலை மடக்குவதும் நீட்டுவதுமாக இருந்தார்கள். புத்தர் சார் தட்டில் டீ கொண்டுவந்தார். வந்தவர் கொடுத்துவிட்டுப் போயிருக்கலாம். நின்றார். நின்று, எல்லோர் காதிலும் விழும்படி, எத்தனை கஷ்டம் வந்தாலும் இவளைப் படிக்க வைத்தே தீருவது என்று இருக்கிறேன் என்றார்.

வந்திருந்தவர்களில் இளையவளாக இருந்தவள் மரியாதையோடு நிமிர்ந்து பார்த்தாள். "அப்படியா அக்கா? சார்தான் ஃபீஸ் கட்டறாரா?"

"இல்லம்மா," என்றாள் மனைவி, பொம்மையின் முழங்காலிலிருந்து கண்ணை எடுக்காமல். "சார் டீ போடறார். நல்லா போடுவார்."

யாரும் சிரிக்கவில்லை. அதில் சிரிக்க எதுவும் இருப்பதாகவே அவர்களுக்குத் தோன்றவில்லை. டீ நிஜமாகவே நன்றாக இருந்தது. இன்னொரு சுற்று கிடைக்குமா சார் என்று கேட்டார்கள். அவர் உள்ளே போய்ப் பாலை அடுப்பில் வைத்து, பொங்கிவிடாமல் பக்கத்திலேயே நின்று பார்த்து, இஞ்சி தட்டிப் போட்டு, மனைவியின் கட்டைவிரலுக்குப் பிடிக்க வசதியாகக் காது பெரிதாக இருக்கும் கோப்பையைத் தேடி எடுத்து, எல்லோருக்கும் கொடுத்துவிட்டு வந்து சமையல் மேடையில் சாய்ந்துகொண்டார். கொடுக்கும் முன்னால் என்ன தோன்றியது, கொடுக்கும்போது என்ன தோன்றியது என்று கவனிக்க மறந்துவிட்டது அப்போதுதான் நினைவுக்கு வந்தது. ஆய்வாளருக்கு அது பெரிய நஷ்டம். அவர் அடுப்பைத் துடைத்தார்.

சரி, உங்கள் விஷயத்துக்கு வருவோம். உங்களுக்கும் பாலி மொழிக்கும் ஸ்நானப்பிராப்திகூடக் கிடையாது, ஆகவே இந்த இனத்தில் நீங்கள் சேர்த்தியில்லை என்று நிம்மதியாக உட்கார்ந்திருப்பீர்கள். இருங்கள். தன் மார்க்கில் தானே படித்த ஒருத்தியை நீங்கள் 'படிக்க வைத்தது' இல்லையா? தானே விண்ணப்பம் போட்டு, தானே தேர்வு எழுதி, தானே பஸ் பிடித்துப் போகிறவளை 'வேலைக்கு அனுப்பியது' இல்லையா? 'எங்க வீட்ல எல்லா சுதந்திரமும் குடுத்திருக்கேன்' என்று, அது உங்கள் சட்டைப் பையில் இருந்த மாதிரி, எங்கேயாவது சொன்னதில்லையா?

சந்தேகம் இருந்தால் ஒரு சுலபமான சோதனை இருக்கிறது. இதை வீட்டில் உரக்கப் படித்துக் காட்டுங்கள். நீங்கள் சிரிக்கும் இடத்தில் அவர்களும் சிரித்தால் தப்பித்தீர்கள். நீங்கள் சிரிக்கும் முன்னாலேயே அவர்கள் சிரித்துவிட்டால், மேற்கொண்டு படிக்காமல் போய் டீ போடுங்கள். நான் என் வீட்டில் படித்துக் காட்டினேன். முதல் வரியிலேயே சிரித்துவிட்டாள்.